என்ஜினுக்கு அடியில் ஓர் உள்ளங்கை ரப்பர்

பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் சாலையில் காரக்கோணம் தாண்டியதும் ரப்பர் தோட்டங்கள் இரு புறமும் நெருங்கி வரத் தொடங்கும். சாலை ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும். அந்தச் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஜீப் ஒர்க்‌ஷாப். பெயர்ப் பலகை கிடையாது, தேவையும் இல்லை. வாசலில் சக்கரம் கழன்று நிற்கும் இரண்டு பழைய ஜீப்புகளே பலகை.

காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு ஜீப் வந்து நின்றது. அருமனைப் பக்கத்து வண்டி. விடியற்காலையில் பால் வெட்டுக்குப் போகும் ஆட்களை மலையடிவாரத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றவேண்டிய வண்டி. டிரைவர் இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார்:

"கிளச்சை விட்டா அடியில 'டொக்'குன்னு ஒரு சத்தம் ஆசானே. ஏத்தத்துல கியர் தானா கழண்டு வருது."

இந்தப் பக்கத்தில் மெக்கானிக்கை 'ஆசான்' என்றுதான் அழைப்பார்கள். மலையாளிக்கும் அவர் ஆசான், தமிழனுக்கும் ஆசான். இந்த ஆசானுக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்கு அருகே; ஒர்க்‌ஷாப் கேரளத்தில். வயது அறுபதை நெருங்குகிறது.

அவர் ஸ்பானரைத் தொடவில்லை. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கச் சொன்னார். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டார். "பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு, முதல் கியர் போட்டு, கிளச்சை மெள்ள விடு மக்களே. வண்டி நகரப்படாது."

டிரைவர் அப்படியே செய்தார். என்ஜின் உறுமியது. அதன் இடது பக்கம் இரண்டு விரற்கடை அளவு மேலே எழுந்தது. கிளச்சை மிதித்ததும் 'டொக்' என்று கீழே விழுந்தது.

"பாத்தியா? மவுண்டிங் போயாச்சு."

என்ஜினை வண்டியின் சட்டத்தோடு பிணைத்து நிற்கும் ரப்பர்க் கட்டைக்குத்தான் மவுண்டிங் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் சரக்கு. இரும்புத் தகடு இரண்டு, நடுவில் ரப்பர், பூட்டுவதற்கு ஒரு போல்ட். விலை சில நூறு ரூபாய்தான். பிஸ்டனைப் பற்றிப் பேசும் டிரைவர் உண்டு, டயரைப் பற்றிப் பேசும் டிரைவர் உண்டு. மவுண்டிங்கைப் பற்றி, அது அறுந்த பிறகுதான் பேச்சு வரும்.

மூன்று கால்கள்

பழைய ஜீப்பில் என்ஜினும் கியர்பாக்ஸும், அதன் பின்னால் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒரே கட்டாகச் சேர்த்துப் பூட்டப்பட்டவை. இந்தக் கட்டு மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் வலம் ஒன்று, இடம் ஒன்று. பின்னால் கியர்பாக்ஸுக்கு அடியில், குறுக்குச் சட்டத்தின் மேல் ஒன்று. முக்காலி மாதிரி. முக்காலியில் ஒரு கால் போனால் மற்ற இரண்டும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்தில் இந்த ரப்பர் இல்லை. பல வண்டிகளில் என்ஜினை இரும்புச் சட்டத்தின் மேலேயே நேராக போல்ட் போட்டு முடுக்கினார்கள். என்ஜினின் நடுக்கம் முழுவதும் உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்புக்கு வந்தது. 1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் என்ஜினை ரப்பர் தாங்கிகளின் மேல் மிதக்க விட்டது. முன் தாங்கியை உயரத்திலும் பின் தாங்கியைத் தாழ்வாகவும் வைத்து, என்ஜின் தன் எடையின் மையத்தைச் சுற்றியே அசையும்படி செய்தார்கள். அடுத்த ஆண்டே பிரான்சின் சிட்ரோயன் கம்பெனி அந்த உரிமையை வாங்கி, நீந்தும் அன்னப் பறவையைச் சின்னமாகப் போட்டு விளம்பரம் செய்தது. அதற்குப் பிறகு ரப்பர் இல்லாமல் என்ஜினை உட்கார வைப்பது படிப்படியாக வழக்கொழிந்தது.

இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. அவற்றிலும் இதே ரப்பர்த் தாங்கிகள்தான். சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் மஹிந்திரா நிறுவனம் அந்த வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னால் டீசல் என்ஜின் வந்தது, நீளம் கூடியது, பெயர்கள் மாறின. முக்காலி மாறவில்லை.

இடது பக்கம் ஏன் முதலில் அறுகிறது?

சக்கரத்தை ஒரு பக்கம் முறுக்கும் என்ஜின், தான் எதிர்ப் பக்கம் முறுக்கிக்கொள்ள முயலும். துடுப்பால் தண்ணீரைப் பின்னே தள்ளினால் படகு முன்னே போவது போன்ற கதைதான். ஜீப்பில் முன்னோக்கிப் போகும் கியர்களில் என்ஜினின் இடது பக்கம் மேலே எழும்பப் பார்க்கும், வலது பக்கம் கீழே அழுத்தும். ரப்பருக்கு ஒரு குணம். எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இழுத்தால் சீக்கிரம் கிழியும், அல்லது இரும்புத் தகட்டோடு ஒட்டிய இடத்தில் பெயர்ந்து வரும். ஆகவே இடது மவுண்டிங்தான் பெரும்பாலும் முதல் பலி.

எவ்வளவு விசை? வில்லிஸ் ஜீப்பின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அதன் 4 சிலிண்டர் பெட்ரோல் என்ஜினின் உச்ச முறுக்குவிசை சுமார் 14.5 கிலோகிராம்-மீட்டர். முதல் கியரில் அது 2.66 மடங்காகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை 'லோ'வில் போட்டால் அதற்கு மேல் 1.97 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 5 மடங்குக்குச் சற்று மேல்; 76 கிலோகிராம்-மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் ஓர் ஆளைத் தொங்கவிட்டு அந்தக் கம்பியால் என்ஜினைப் புரட்டப் பார்ப்பதற்குச் சமம். இந்தப் புரட்டலைத் தடுத்து நிற்பது அந்த உள்ளங்கை ரப்பர்தான்.

நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு இந்தச் சோதனை அபூர்வம். பழைய 47-ஆம் எண், இப்போது 66-ஆம் எண் பெற்ற தேசிய நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வரை ஓடினால் 'லோ' போட வேண்டிய இடமே வராது. ஆனால் வெள்ளறடைக்குக் கிழக்கே அம்பூரி, எல்லைக்கு இந்தப் பக்கம் பத்துகாணி, ஆறுகாணி என்று மலை தொடங்கிவிட்டால் கதை வேறு. பஸ் போகும் சாலை வரை பஸ். அதற்கு மேல் தோட்டத்துப் பாதை. மழை பெய்தால் செம்மண் சேறு, வெயில் அடித்தால் உருளும் கல். அங்கெல்லாம் ஒரு நாளில் எத்தனை முறை 'லோ' போடுகிறோம் என்று டிரைவர்கள் எண்ணுவதில்லை.

இந்தப் பக்கத்துக் கிளை அலுவலகத்துக்கு மாற்றலாகி வரும் குமாஸ்தா முதல் நாளில் கற்கும் பாடம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது. இரண்டாம் பாடம், பஸ் போன பிறகு எந்த ஜீப் போகும் என்பது. அந்த ஜீப்பின் மவுண்டிங் எப்படி இருக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

பெட்ரோல் வண்டியில் டீசல் என்ஜின்

மவுண்டிங் அறுவதற்கு மலை மட்டும் காரணமல்ல. பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கி, அதில் டீசல் என்ஜினைப் பூட்டுவது ஒரு காலத்தில் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் சர்வ சாதாரணம். எரிபொருள் செலவு மிச்சம். ஆனால் டீசல் என்ஜின் கனமானது. அழுத்தம் அதிகமானதால் நடுக்கமும் அதிகம். அது பெட்ரோல் என்ஜின் இருந்த இடத்தில் தானாக உட்காராது. சட்டத்தில் இருந்த பிடியை வெட்டி, வேறு பிடி பற்றவைக்க வேண்டும். வெல்டிங் வைத்தவர் கை கால் அங்குலம் தவறினாலும் ரப்பர் பிறந்ததிலிருந்தே கோணலாக உட்காரும். எத்தனை புது மவுண்டிங் போட்டாலும் சில மாதங்களில் அறும். டிரைவர் சரக்கைத் திட்டுவார். கடைக்காரர் டிரைவரைத் திட்டுவார். இருவர் மேலும் தவறில்லை.

அன்று வந்த அருமனை வண்டியும் இப்படி என்ஜின் மாற்றிய வண்டிதான்.

இன்னொரு எதிரி எண்ணெய். ரப்பர்ப் பால் வெட்டும் ஊர்க்காரருக்கு இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார். இயற்கை ரப்பர் ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்தாலும் சோராது. அதனால்தான் மவுண்டிங்குக்கு அதையே விரும்புகிறார்கள். ஆனால் என்ஜின் ஆயிலிலோ டீசலிலோ ஊறினால் உப்பும், இளகும், பிறகு விரலால் கிள்ளினாலே பிய்ந்து வரும். ஒழுகும் ஆயில் சீலை மாற்றாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது ஓட்டைக் கூரையை அடைக்காமல் பாயை மாற்றுவது போல.

ஒழுகல்கூட வேண்டாம். மழைக்காலம் வருமுன் துரு பிடிக்காமல் இருக்க வண்டியின் அடிப்பாகம் முழுவதும் பழைய எண்ணெயை ஸ்பிரே அடிக்கும் வழக்கம் உண்டு. என்ஜினை டீசலால் கழுவும் வழக்கமும் உண்டு. இரும்புக்கு அது மருந்து. ரப்பருக்கு நஞ்சு. காசு கொடுத்து நஞ்சு வைக்கிறோம் என்று தெரியாமலே பலர் செய்கிறார்கள்.

"ஒரு டயர் துண்டு போதும்"

"ஒரு டயர் துண்டு வெட்டி வச்சுக் குடுங்க ஆசானே. சாயங்காலம் ஓட்டம் முடிஞ்சு மாத்திரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைய நிக்கும்" என்றார் டிரைவர்.

"பிள்ளைய நிக்கதுனாலதான் மாட்டேங்கேன்" என்றார் ஆசான்.

டயர் துண்டு வைத்தியம் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. பழைய டயரைச் சதுரமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, நீண்ட போல்ட்டால் முடுக்கிவிடுவார்கள். வண்டி ஓடும். ஆனால் டயருக்குள் நூல் அடுக்கு இருக்கிறது. அது வளைந்து கொடுக்காது. என்ஜினின் நடுக்கம் ரப்பரில் அடங்காமல் சட்டத்துக்கும், கியர்பாக்ஸின் வார்ப்பு இரும்புக் காதுகளுக்கும் போகும். வார்ப்பு இரும்பு வளையாது, வெடிக்கும். சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தப் போய்ப் பல ஆயிரம் ரூபாய் கியர்பாக்ஸ் கூட்டைக் கழற்றியவர்கள் உண்டு.

அது பணத்தோடு போகிற நஷ்டம். உயிரோடு விளையாடும் விஷயம் வேறு. ஜீப்பின் கியர் லீவர் நேரே கியர்பாக்ஸின் தலையிலிருந்து தரைத் துளை வழியாக மேலே வருகிறது. என்ஜின் கட்டு சாய்ந்தால் லீவரும் சாயும். துளையின் விளிம்பில் இடித்துக் கியர் கழன்றுவிடும். ஏற்றத்தில் கழன்றால் வண்டி பின்னால் உருளும். இறக்கத்தில் கழன்றால் இன்னும் மோசம். என்ஜினின் பிடி போய்விடும், சுமை முழுவதும் பிரேக்கின் மேல் வரும். நீண்ட இறக்கத்தில் பழைய டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது என்பது மலை டிரைவர் யாருக்கும் தெரியும். கிளச் இணைப்பும் சட்டத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கட்டப்பட்டது. கட்டு நகர்ந்தால் கிளச் முழுதாகப் பிரியாது, கழன்ற கியரைத் திரும்பப் போடவும் வராது.

சட்டென்று பிரேக் அடித்தால் அறுந்த மவுண்டிங் உள்ள என்ஜின் முன்னால் பாயும். ஃபேன் இலைகள் ரேடியேட்டரைக் கீறும். கொதிநீர் போன பிறகு என்ஜினும் போகும்.

இதற்கும் மேலே ஒன்று. கட்டணத்துக்கு ஆள் ஏற்றப் பதிவு இல்லாத ஜீப்பில் ஆள் ஏற்றி விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி நிபந்தனை மீறல் என்று வழக்காடும். நஷ்ட ஈடு உரிமையாளர் தலையில் வந்து விழலாம். வண்டியை விற்றாலும் தீராத கடன் அது.

67 லட்சம் வண்டிகள்

'ரப்பர் அறுந்தால் இவ்வளவா?' என்று கேட்பவர்கள் 1971-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளலாம். உலகின் மிகப் பெரிய மோட்டார் கம்பெனியாக அன்று விளங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், 1965 முதல் 1970 வரையிலான மாடல்களில் சுமார் 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் என்ஜின் மவுண்டிங். ரப்பர் பெயர்ந்ததும் என்ஜினின் இடது பக்கம் எழும்பியது. எழும்பும்போது ஆக்ஸிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிட்டது. டிரைவர் காலை எடுத்தாலும் வண்டி வேகம் பிடித்தது. பிரேக்குக்கு உதவும் வெற்றிடக் குழாயும் அதே அசைவில் பிடுங்கிக்கொண்டு வரக்கூடும். அந்தக் காலம் வரை நடந்த வாகனத் திரும்ப அழைப்புகளில் இதுவே மிகப் பெரியது.

அத்தனை வண்டிக்கும் புது மவுண்டிங் போட்டார்களா? இல்லை. என்ஜின் எழும்பாதபடி ஒரு இரும்புக் கம்பி வடத்தைக் கட்டிவிட்டார்கள். ரப்பர் அறுந்தாலும் என்ஜின் ஓர் அளவுக்கு மேல் போகாது.

வேடிக்கை என்னவென்றால் போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலேயே இப்படி ஒரு வடம் இருந்தது. என்ஜின் முன்பின் நகராமல் தடுக்க, அதைக் குறுக்குச் சட்டத்தோடு பிணைக்கும் சிறிய கம்பி வடம் அது. பழைய ஜீப்புகளில் அது தொலைந்து எத்தனையோ வருடமாயிற்று. இருந்தால் எதற்கென்று தெரியாமல் கழற்றிப் போட்டவர்களும் உண்டு. மலையில் மவுண்டிங் அறுந்தால் சில டிரைவர்கள் சங்கிலியால் என்ஜினைச் சட்டத்தோடு கட்டி இறக்கிக் கொண்டுவருவது அதே யோசனைதான். ஒர்க்‌ஷாப் வந்து சேரும் வரை அது புத்திசாலித்தனம். அதோடு மறுநாள் ஓட்டத்துக்குப் போவது புத்திசாலித்தனம் அல்ல.

கழற்றிப் பூட்டும் விதம்

டிரைவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். போனில் இன்னொரு ஜீப்காரரைப் பிடித்துப் பிள்ளைகளை ஏற்றச் சொன்னார். அன்றைய வசூல் போச்சு. ஆசான் கையாளை மார்த்தாண்டத்துக்கு அனுப்பினார். ஒன்றல்ல, மூன்று மவுண்டிங் வாங்கி வரச் சொல்லி.

மூன்றும் எதற்கு? ஒரே நாளில் பூட்டியவை ஒரே மலையில்தான் உழைத்திருக்கின்றன. ஒன்று அறுந்தபின் மற்ற இரண்டும் அதன் பங்கையும் சுமந்திருக்கின்றன. புதிய ரப்பர் கெட்டியாகவும் உயரமாகவும் இருக்கும். பழையது அமுங்கித் தாழ்ந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் என்ஜின் கோணலாக நிற்கும், புதியது சீக்கிரம் போகும்.

இந்த எல்லையில் ஸ்பேர் வாங்குவதில் ஒரு வசதி உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் பிரிந்தபோது தாலுகா பிரிந்ததே தவிர சந்தை பிரியவில்லை. பனச்சமூட்டில் ஒரு பக்கம் தமிழ்நாடு, எதிர்ப்பக்கம் கேரளம். வண்டியில் கே.எல். 19 என்றோ டி.என். 75 என்றோ எண் இருக்கலாம். 'மவுண்டிங்' என்றால் இரு பக்கமும் ஒரே சரக்குத்தான்.

ஆனால் வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் உள்வாங்கி உடனே மீள வேண்டும். கல் மாதிரி இருந்தால் அலமாரியிலேயே கிழடானது. மடக்கிப் பார்த்தால் மெல்லிய வெடிப்புகள் தெரியக்கூடாது. இரும்பும் ரப்பரும் சேரும் விளிம்பில் எங்கும் இடைவெளி இருக்கக்கூடாது. அங்கேதான் முதல் கிழிசல் தொடங்கும். தயாரிப்பில் இல்லாத பழைய மாடல்களுக்குப் போலிச் சரக்கு நிறைய. டப்பாவில் அச்சிட்ட பெயரைவிட நகத்தின் சாட்சியம் நம்பகமானது.

கையாள் திரும்பி வரும்வரை ஆசான் சும்மா இருக்கவில்லை. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஜாக்கியின் மேல் நேரே ஆயில் சம்ப்பை ஏற்றவில்லை. நடுவில் அகலமான பலாப் பலகை வைத்தார். பலகை இல்லாமல் தூக்கினால் சம்ப் உள்ளே நசுங்கும். ஆயில் உறிஞ்சும் வாயை அது அடைத்துக்கொண்டால் என்ஜினுக்கு ஆயில் ஏறாது. மவுண்டிங் மாற்ற வந்த வண்டி பேரிங் உருகிப் போகும்.

சட்டத்துக்கு அடியில் தனியாக மரக்கட்டைகள் அடுக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவனை அவர் ஒர்க்‌ஷாப்பில் வைத்துக்கொள்வதில்லை. மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்திலிருந்து வேலை கற்க வரும் பையன்களுக்கு அவர் முதல் வாரம் சொல்லிக் கொடுப்பது ஸ்பானர் சைஸ் அல்ல, கட்டை அடுக்குவது.

பிறகு மூன்று இடத்திலும் நட்டுகளைத் தளர்த்தினார். தூக்கிய பிறகு தளர்த்தினால் சிக்கிக்கொள்ளும். புகைக்குழாயின் கிளாம்ப்பைக் கழற்றினார். கழற்றாமல் என்ஜினைத் தூக்கினால் குழாய் கழுத்தில் வெடிக்கும். ரேடியேட்டர் குழாய் இழுபடுகிறதா, ஃபேன் எதையாவது தொடுகிறதா என்று ஒரு பையனைப் பார்த்துச் சொல்ல நிறுத்தினார். அரை அங்குலம், முக்கால் அங்குலம், அவ்வளவுதான் தூக்கியது. பழைய மவுண்டிங் வெளியே வந்தது. இடது பக்கத்து ரப்பர் இரண்டாகப் பெயர்ந்து, எண்ணெய் ஊறிப் பளபளத்தது. வலது பக்கத்தது முழுசாக இருந்தது. ஆனால் பாதி உயரம்தான்.

இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். பழையதை எடுத்தோம், புதியதை வைத்தோம், முடுக்கினோம் என்று. ஆசான் சட்டத்தில் இருந்த பிடியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். டீசல் என்ஜின் மாற்றியபோது யாரோ வைத்த வெல்டிங்கில் தலைமுடி அளவு வெடிப்பு. தட்டி நேராக்கி, திரும்பப் பற்றவைத்து, அளவு பார்த்தார். ரப்பர் தட்டையாக உட்காராமல் ஒரு மூலையில் தூக்கியிருந்தது அப்போதுதான் சரியாயிற்று. டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. போன வருடம் மாற்றிய மவுண்டிங் ஏன் ஒரு வருடம்கூட ஓடவில்லை என்பதற்குக் கண்ணெதிரே விடை. என்ஜின் முன்பக்க ஆயில் சீலும் ஒழுகியது. அதற்கும் ஓர் ஆள் ஓடினான்.

புது மவுண்டிங் மூன்றையும் வைத்து, எல்லா போல்ட்டையும் கையாலேயே சில சுற்று ஏற்றினார். ஒன்றை முடுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் துளைகள் ஒத்துவராது. கடப்பாறை வைத்து நெம்ப வேண்டிவரும், புது ரப்பர் பூட்டும்போதே கிழியும். என்ஜினை மெள்ள இறக்கி, ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டார். அது தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டு உட்காரும். நிறுத்திய பிறகுதான் முடுக்கு, ஸ்பிரிங் வாஷர் போட்டு.

மரத்திலிருந்து மலைக்கு

வேலை நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிய ஒரு வண்டி கடந்து போனது. இந்த மலைச்சரிவில் விடியுமுன் வெட்டிய பால், பார்மிக் அமிலம் ஊற்றி உறைந்து, உருளையில் நசுங்கிப் புகையில் காய்ந்து, மஞ்சள் ஷீட்டாகிறது. இந்தியாவின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும் பகுதி கேரளத்தில் விளைவது. தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் அது குமரி மாவட்டம்தான். எங்கோ ஒரு தொழிற்சாலையில் அந்த ஷீட்டை அரைத்துக் கரித்தூளும் கந்தகமும் கலந்து, இரும்புத் தகட்டுக்கு நடுவே வைத்து வேகவைத்தால் மவுண்டிங். கந்தகத்தோடு சூடேற்றினால் ரப்பர் உறுதிப்படும் என்று 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது இந்த வேலைக்கெல்லாம் அடிப்படை.

பால் வெட்டும் தொழிலாளி தினமும் அந்த ஜீப்பில்தான் மலை ஏறுகிறார். தன் கையால் வெட்டிய பால் போன்ற ஒன்றுதான் என்ஜினுக்கு அடியில் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொன்னால் ஒட்டுப்பாலில் செய்ததா நல்ல ஷீட்டில் செய்ததா என்று முதலில் கேட்பார்.

மாலை நான்கு மணி

நான்கு மணிக்கு வேலை முடிந்தது. ஆசான் மறுபடி காலையில் செய்த அதே சோதனையைச் செய்தார். கட்டை, பிரேக், முதல் கியர், கிளச். என்ஜின் லேசாகச் சாய்ந்து நின்றது, எழும்பவில்லை. ரிவர்ஸ் போட்டும் பார்த்தார். ரிவர்ஸில் முறுக்கு எதிர்ப் பக்கம் வருவதால் வலது மவுண்டிங்குக்கு அதுதான் சோதனை. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரலை வைத்து இடைவெளி பார்த்தார். கியர் லீவர் தரைத் துளையின் நடுவில் நின்றது.

பழைய வடத்தின் இடத்தில் கம்பி வடம் ஒன்றையும் கட்டிவிட்டார். சற்றுத் தளர்வாக, என்ஜினின் சாதாரண அசைவைத் தடுக்காதபடி. அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

"ஆள் ஏத்தாம ஒரு தடவை ஏறி இறங்கிப் பாரு மக்களே. அடுத்த ஞாயித்துக்கிழமை வா, நட்டு எல்லாம் ஒரு சுத்து முடுக்கணும். புது ரப்பர் அமுங்கும்."

"எவ்வளவு ஆசானே?"

கணக்கு சொன்னார். டிரைவர் பாதியை எடுத்துக் கொடுத்தார். மீதி ஞாயிற்றுக்கிழமை. வண்டி காலி இருக்கைகளோடு வெள்ளறடைப் பக்கம் ஏறத் தொடங்கியது. ஆசான் கை கழுவாமல் ஏற்றம் முடியும் வரை நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.